க்யூரிங் லைட்டில் சாஃப்ட்-ஸ்டார்ட்: ஒன்பது வருடம் பயன்படுத்திய பிறகு

ஹாலஜன் லைட்டை ஓரங்கட்டிவிட்டு என் கிளினிக்குக்கு எல்.இ.டி. க்யூரிங் லைட் (பல்லை அடைக்கும் பொருளை ஒளியால் இறுகவைக்கும் கருவி) வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. வாங்கிய ஆறாவது மாதம், கடைவாய்ப் பல்லில் ஆழமாக அடைத்துக்கொண்ட ஒரு அம்மா திரும்பி வந்தார். "சும்மா இருந்தா ஒண்ணும் இல்ல டாக்டர், கடிச்சா சுள்ளுன்னு இழுக்குது" என்றார். ஃபில்லிங் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. பழைய லைட்டில் எப்போதாவது பார்த்த கோடு, புது லைட்டில் அடிக்கடி கண்ணில் பட்டது.

பல் நிறத்தில் அடைக்கும் பிசின் பொருளான காம்போசிட் இறுகும்போது கன அளவில் சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். தள்ளித் தள்ளி நிற்கும் மோனோமர்கள் என்ற சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணைந்து நெருங்குவதால் வருவது அது. எந்த லைட்டாலும் இல்லாமல் செய்ய முடியாது. இளகிய நிலையில் உள்ளவரை பொருள் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். கெட்டிப்படத் தொடங்கும் ஜெல் நிலையைத் தாண்டிவிட்டால் நகராது, பல்லோடு ஒட்டவைக்கும் பாண்டிங்கைப் பிடித்து இழுக்கும். அந்த இழுவைதான் ஓரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. முழு வெளிச்சமும் முதல் நொடியிலேயே விழுந்தால் அந்த நிலை சட்டென்று வந்துவிடுகிறது.

அதனால்தான் சாஃப்ட்-ஸ்டார்டுக்கு மாறினேன்: முதலில் சில நொடி மங்கலாக, அப்புறம் முழு வெளிச்சம். நான்கு சுவரும் தரையுமாக ஐந்து பக்கமும் ஒட்டி, மேல்பக்கம் மட்டும் திறந்திருக்கும் ஆழமான குழிகளில் வெள்ளைக் கோடு குறைந்தது. ஈறோரத் தேய்மானத்தை அடைக்கும்போது எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஆனால் இதில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். மங்கலான நொடிகளையும் சேர்த்தே மொத்தம் 20 நொடி என்று நிறுத்திக்கொண்டேன். கூச்சம் என்று வருபவர்கள் குறைந்ததால் நிம்மதியாகவும் இருந்தேன். இரண்டு வருடத்தில் சில ஃபில்லிங்குகள் ஓரத்தில் உதிர்ந்து, நிறம் ஏறி வந்தன. தோண்டிப் பார்த்தால் அடிப்பகுதி சரியாக இறுகவே இல்லை. குறைவாக இறுகியது குறைவாகத்தான் சுருங்கும். அதை வெற்றி என்று எண்ணியிருந்தேன். 2 மி.மீ. அடுக்குக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 16 ஜூல். சதுர சென்டிமீட்டருக்கு 800 மில்லிவாட்டில் 20 நொடி விட்டால் அது கிடைக்கும். இப்போது மங்கலாக எரியும் நொடிகளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இன்னொன்று, லைட்டின் முனை. இரண்டு பல்லுக்கு நடுவே அடைக்கும்போது குழியின் அடித்தளம் முனையிலிருந்து 6, 7 மி.மீ. தள்ளிப் போய்விடும், அங்கே சேரும் வெளிச்சம் நன்றாகக் குறைந்துவிடும். அதனால் முதல் அடுக்குக்கு மட்டும் இருமடங்கு நேரம் விடுகிறேன். முனையில் ஒட்டிய காம்போசிட்டை அன்றன்றே துடைக்கிறேன், மாதம் ஒரு முறை வெளிச்சத்தின் அளவை ரேடியோமீட்டரில் பார்க்கிறேன்.

அந்த அம்மாவின் பல்லை அப்போதே பிரித்து, எதிரெதிர்ச் சுவர்களை ஒரே அடுக்கு தொடாதபடி சாய்வாக அடுக்கி மறுபடி அடைத்தேன். வலி போய்விட்டது. அன்று சாஃப்ட்-ஸ்டார்டையும் சேர்த்தே பயன்படுத்தினேன் என்றாலும், அதிகம் உதவியது அடுக்கிய விதம்தான் என்று நினைக்கிறேன். புதிதாக லைட் வாங்குபவர்கள் 3 நொடியில் முடிக்கும் மோடுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். என் லைட்டிலும் அது இருக்கிறது, ஆழமான குழியில் நான் அதைத் தொடுவதில்லை.