பெடரல் ரெஜிஸ்டர் இணையதளம்: அதிபரின் ஆணை இங்கே இருக்கிறது, கடிவாளம் வேறு இடத்தில்

அமெரிக்க அதிபர் கையெழுத்திட்ட ஆணையில் என்னதான் இருக்கிறது என்று தெரிய, தலைப்புச் செய்தியை நம்பாமல் மூலத்தையே படிக்க வேண்டும். அதற்குச் சரியான இடம் அந்நாட்டின் மத்திய அரசிதழான பெடரல் ரெஜிஸ்டரின் இணையதளம். கட்டணமில்லை, கணக்கும் தொடங்க வேண்டாம். 1994 முதலான இதழ்கள் முழுமையாகக் கிடைக்கின்றன.

இந்த அரசிதழ் பிறந்த கதையே அதன் அவசியத்தைச் சொல்லும். எண்ணெய் உற்பத்தி விதியை மீறியவர்கள்மீது அரசு நடவடிக்கை எடுத்து, விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. பிறகுதான், மீறுவது குற்றம் என்று சொல்லும் பத்தியே ஒரு திருத்தத்தில் தவறி விடுபட்டிருந்தது தெரிந்தது. ஆணைகளை ஒரே இடத்தில் வெளியிடும் அரசிதழ் அப்போது இல்லை. 1935இல் அரசிதழ்ச் சட்டம் வந்தது, 1936 மார்ச்சில் முதல் இதழ்.

நிர்வாக ஆணைகள் அதிபர் வாரியாக, ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆணையைத் திறந்ததும் முதல் பத்தியில் நிதானியுங்கள். 'அரசியலமைப்பும் சட்டங்களும் எனக்கு அளித்த அதிகாரத்தின்படி' என்ற வரியைத் தொடர்ந்து குறிப்பிட்ட சட்டத்தின் பெயர் வருகிறதா? வந்தால், அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் கொடுத்த அதிகாரத்தின்மேல் ஆணை நிற்கிறது. அந்தச் சட்டம் உண்மையில் அவ்வளவு இடம் தருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். வராவிட்டால் அஸ்திவாரம் பலவீனமாக இருக்க வாய்ப்புண்டு. 1952 ஏப்ரல் 8 அன்று எஃகு ஆலைகளை அரசு கையகப்படுத்தச் சொன்ன அன்றைய அதிபர் ட்ரூமனின் 10340ஆம் ஆணை அப்படிப்பட்டது. ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அந்தக் கையகப்படுத்தலைச் செல்லாததாக்கியது.

கடைசிப் பிரிவையும் தாண்டிப் போகாதீர்கள். நடப்புச் சட்டத்துக்கு உட்பட்டும் நிதி ஒதுக்கீடு இருக்கும் அளவிலுமே ஆணை நடைமுறையாகும் என்ற வாசகம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நிதியை ஒதுக்குவது காங்கிரஸ். எவ்வளவு முழங்கினாலும் ஆணை அந்த வரியில் வந்து அடங்கிவிடும்.

இனி குறைகள். எந்த ஆணை எதைத் திருத்தியது, எதை ரத்து செய்தது என்ற குறிப்புகள் இங்கே உண்டு, மிகப் பயனுள்ளவை. ஆனால் நீதிமன்றம் தடுத்திருக்கிறதா என்பதை இங்கே தேடிப் பயனில்லை. 2017 ஜனவரி 27 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட 13769ஆம் ஆணை, ஏழு நாட்டவரின் வருகையை நிறுத்திய பயணத் தடை, அரசிதழில் வந்தது பிப்ரவரி 1 அன்று. அதற்குள் நீதிமன்றங்கள் தலையிடத் தொடங்கிவிட்டன. மார்ச்சில் 13780ஆம் ஆணை அதை ரத்து செய்து இடத்தைப் பிடித்தது. 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று ஏற்றதோ அந்தத் தடையின் பிந்தைய வடிவமான 9645ஆம் பிரகடனத்தை. நிர்வாக ஆணைகளின் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது கண்ணில் படாது; பிரகடனங்கள் தனிப் பகுதி.

இதைவிடப் பெரிய ஓட்டையும் உண்டு. பொதுவாகப் பொருந்தும் ஆணைகளையும் பிரகடனங்களையும் வெளியிடுவது கட்டாயம். துறைகளுக்கு அதிபர் அனுப்பும் குறிப்பாணைகளுக்கு அந்தப் பொதுக் கட்டாயம் இல்லை. சிறுவயதில் ஆவணமின்றி அமெரிக்காவுக்கு வந்தவர்களை நாடுகடத்தாமல் தள்ளிவைத்த 2012ஆம் ஆண்டுத் திட்டம் ஒரு துறைச் செயலரின் குறிப்பாணையாகவே தொடங்கியது.

மேற்கோள் காட்டும்போது ஒரு எச்சரிக்கை: திரையில் ஓடும் உரை அதிகாரபூர்வப் பதிப்பு அல்ல. கூடவே இணைத்திருக்கும் பிடிஎஃப் கோப்பையே எடுங்கள். அவசரமென்றால், அச்சாகும் முன்பே ஆவணங்களைக் காட்டும் பொதுப் பார்வைப் பகுதி வேலை நாட்களில் காலை 8.45க்கு, வாஷிங்டன் நேரப்படி, புதுப்பிக்கப்படுகிறது.

அதிபர் அறிவிக்கும் தேசிய அவசரநிலைகளைக் கண்காணிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. அறிவித்த நாளின் ஆண்டு நிறைவுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் அதிபர் நீட்டிப்பு அறிவிப்பை இங்கே வெளியிட்டு காங்கிரஸுக்கும் அனுப்பாவிட்டால் அவசரநிலை தானாகக் காலாவதியாகும். ஈரான் தொடர்பாக 1979 நவம்பர் 14 அன்று அப்போதைய அதிபர் கார்ட்டர் அறிவித்த அவசரநிலை இப்படித்தான் ஆண்டுக்காண்டு நீள்கிறது. நவம்பர் மாத இதழ்களைத் திறந்தால் அந்த அறிவிப்புகளை வரிசையாகப் பார்க்கலாம்.