சான்றிதழ் போட்டதாகச் சொல்லி 18,000 ரூபா

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். சொந்த டொமைனில், அதாவது என் சொந்த இணையப் பெயரில், ஒரு மின்னஞ்சல் இருக்கிறது, பார்ப்பது தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில். போன மாதம் புது லாப்டொப்பில் அந்த மின்னஞ்சலைச் சேர்த்தபோது ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்து நின்றது. மெயிலை வைத்திருக்கும் சேர்வர் தன் அடையாள அட்டையாகக் காட்டும் சான்றிதழ் வேறொரு தளத்துக்கு உரியதாம். மூட மூட வந்தது. அவசரமாக அனுப்ப வேண்டிய வற் கணக்கு வேறு. லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டிக்குப் போனேன்.

அங்கே ஒரு கடை, பெயர் வேண்டாம். மேசையில் இருந்த தம்பி பெட்டியை வாசிக்கவே இல்லை. "அக்கா, உங்கட சேட்டிபிகேட் எக்ஸ்பயர் ஆகிட்டு. புதுசு வாங்கிப் போடோணும், வருசத்துக்கு 14,500. வேலைக்கு 3,500" என்றார். என் பாஸ்வேர்டைக் கேட்டு ஒரு சீஆர் கொப்பியில் எழுதிக்கொண்டார். அப்போதே எழும்பி வந்திருக்க வேண்டும். எழும்பவில்லை. ஒரு மணித்தியாலத்தில் மெயில் வந்தது, காசைக் கொடுத்தேன். பில்லில் 'நெட் வேலை' என்று மட்டும் எழுதியிருந்தது.

இரண்டு கிழமை சந்தோசமாக இருந்தேன். வீட்டில் கரண்ட் போன நாட்களில் காலி வீதித் தேநீர்க் கடை ஒன்றின் வைஃபையில் இருந்தும் வேலை செய்தேன். பிறகு அக்காவின் மகன் வந்து ஏதோ பார்க்க செட்டிங்கைத் திறந்தவன், "சித்தி, இதை ஆர் செய்தது?" என்றான். இணைப்புப் பாதுகாப்பு என்ற இடத்தில் 'எதுவுமில்லை'. போர்ட், அதாவது மெயில் போய்வரும் வாசல் இலக்கம், 143. அதற்குக் கீழே, பாஸ்வேர்ட் பாதுகாப்பின்றி அனுப்பப்படும் என்று தண்டர்பேர்டே எழுதி வைத்திருக்கிறது. சான்றிதழைச் சோதிப்பதையே நிறுத்திவிட்டால் பிழை எப்படி வரும்? இரண்டு கிழமையாக என் பாஸ்வேர்டும் வாடிக்கையாளர்களின் கணக்குகளும் மூடாத தபாலட்டை மாதிரி அந்தத் தேநீர்க் கடை வைஃபையில் போய் வந்திருக்கின்றன.

என் மெயிலைத் தன் சேர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு போன் எடுத்தேன். கதைத்த பிள்ளை கேட்டது ஒரே கேள்வி: "சேர்வர் பெயர் என்று என்ன போட்டிருக்கிறீங்கள்?" என் டொமைனுக்கு முன்னால் 'மெயில்' சேர்த்துப் போட்டிருந்தேன். பல பேர் பங்கிடும் அந்தச் சேர்வரின் சான்றிதழில் இருப்பதோ நிறுவனத்தின் சொந்தச் சேர்வர் பெயர். ஆள் ஒன்று, அடையாள அட்டையில் பெயர் வேறு, அவ்வளவுதான் சங்கதி. அவர் சொன்ன பெயரைப் போட்டு, இணைப்பைப் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்எல், போர்ட் 993 என்று மாற்றினோம். அனுப்பும் பக்கத்துக்கு அதே பெயர், போர்ட் 465. பத்து நிமிசம், ஒரு சதம் செலவில்லை. அங்கேயிருந்த சான்றிதழையும் திறந்து பார்த்தோம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருவது, 90 நாளுக்குரியது, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வழங்கிய திகதி நான் கடைக்குப் போனதற்கு முந்தியது. 14,500க்கு அந்தக் கடைத் தம்பி எதை வாங்கினார் என்று தெரியவில்லை.

உங்களுக்கும் இந்தப் பெட்டி வந்தால் முதலில் அதை வடிவாக வாசியுங்கள். பெயர் பொருந்தவில்லை என்றால் சேர்வர் பெயரைத் திருத்தினால் அநேகமாகப் போதும். காலாவதி, அல்லது இன்னும் செல்லுபடியாகவில்லை என்றால் லாப்டொப்பின் திகதியைப் பாருங்கள். பழைய கொம்பியூட்டர்களில் உள்ளே இருக்கும் காசு மாதிரி பட்டரி செத்தால் திகதி பல வருசம் பின்னால் போய்விடும், நல்ல சான்றிதழும் பிழையாகத் தெரியும். திகதி சரியென்றால் புதுப்பிக்க வேண்டியது சேர்வர் வைத்திருப்பவர், உங்கள் லாப்டொப்பில் வாங்கிப் போட ஒன்றுமில்லை. சான்றிதழை வழங்கியவர் இடத்தில் உங்கள் அன்டிவைரஸின் பெயர் இருந்தால் அதுதான் நடுவில் நின்று மெயிலைத் திறக்கிறது. பிழையான சான்றிதழையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லும் அந்த விதிவிலக்குச் சேர்க்கும் பொத்தானை மட்டும் காரணம் தெரியாமல் அமத்த வேண்டாம், அதுவும் கடை வைஃபையில்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டு அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன். "வேலை செய்துதானே அக்கா" என்றார் தம்பி. சத்தம் போட்ட பிறகு 5,000 தந்தார். கொப்பியில் என் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொன்னேன், தந்தார். பஸ்ஸில் வரும்போது திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் இன்னும் மூன்று பேருடைய பாஸ்வேர்டுகள்.