மழையில் நிற்கும் டயரா, நீண்ட நாள் உழைக்கும் டயரா?

என் டொயோட்டா ஆல்டிஸ் காருக்கு 205/55 ஆர் 16 அளவில் இதுவரை இரண்டு வகை டயர்களைப் போட்டு ஓட்டியிருக்கிறேன். முதலில் போட்டது, கடைகளில் "மைலேஜ் டயர்" என்று சொல்லி விற்கும் கெட்டியான ரப்பர் டயர். நான்கு ஆண்டுகளில் 64,000 கிலோமீட்டர் ஓடியது. இப்போது ஓடுவது ஈரச் சாலையில் பிடிப்பதற்கென்றே மென்மையான கலவையில் செய்யப்பட்ட டயர். இரண்டரை ஆண்டுகளில் 40,000 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது. சிங்கப்பூரில் யீஷூனிலிருந்து ஜூரோங்கில் உள்ள வேலையிடத்துக்குத் தினமும் போய்வரும் ஒரு குடும்பக் காருக்கு இரண்டாவது வகையே ஏற்றது என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன். நிறுவனப் பெயர்களை இங்கே சொல்லவில்லை. ஒரே நிறுவனம் இரண்டு வகையையும் விற்கிறது என்பதால், பெயரைக் கேட்டு வாங்குவதில் பயன் அதிகமில்லை.

காய்ந்த சாலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சத்தம் மென்மையான டயரில் சற்றுக் குறைவு. பெட்ரோல் செலவில் என் கணக்குப் புத்தகம் எந்த மாற்றத்தையும் காட்டவில்லை.

வித்தியாசம் மழையில்தான் இருக்கிறது. அதுவும் டயர் புதிதாக இருக்கும்போது வெளியே தெரியாது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், விடிவதற்குச் சற்று முன், சுமத்ராவிலிருந்து வரும் மழைக்காற்று தீவு முழுவதையும் அடித்துக்கொண்டிருந்தபோது, புக்கிட் தீமா விரைவுச்சாலையிலிருந்து தீவு விரைவுச்சாலைக்குத் திரும்பும் இணைப்புச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் சென்ற டாக்சியின் சிவப்பு விளக்கு எரிந்தது. நானும் பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கி மிதி காலுக்கடியில் படபடவென்று அதிர்ந்ததே தவிர, கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. டாக்சியின் பின்புறத்துக்கும் என் காரின் முகப்புக்கும் ஒரு முழ இடைவெளி இருக்கும்போதுதான் நின்றது. என் வேகம் அதிகமில்லை. இடைவெளியும் விட்டுத்தான் ஓட்டினேன்.

அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் குனிந்து பார்த்தேன். வரிப்பள்ளத்தின் ஆழம் 3.5 மில்லிமீட்டர் இருந்தது; சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர்தான். முந்தைய மாதம்தான் கார் கட்டாயச் சோதனையில் தேறியிருந்தது. டயர் கடைக்காரரும் இன்னும் ஒன்றரை ஆண்டு தாராளமாக ஓடும் என்று சொல்லியிருந்தார். ஆனால் கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தியபோது பலகையில் அழுத்தியது போல் இருந்தது, தடம்கூடப் பதியவில்லை. பள்ளத்தின் அடியில், காய்ந்த குளத்து மண்ணைப் போல மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கம் 1418, அதாவது 2018ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். நான் ஓட்டியது நான்கு ஆண்டுகள். டயரின் வயதோ ஐந்தைத் தாண்டிவிட்டது.

இரண்டு வகைக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். சிங்கப்பூரில் சாதாரண ஓட்டுநரின் டயர் தேய்வதற்கு முன்பே முதுமை அடைந்துவிடுகிறது. தீவு சிறியது, ஆண்டுக்கு ஓடும் தூரமும் ஓர் அளவுக்கு மேல் போவதில்லை. ஆனால் வெயிலும் வெப்பமும் ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை. வெப்பத்திலும் வெயிலிலும் ரப்பர் நெகிழ்வை இழந்து கெட்டியாகிக்கொண்டே போகும். தொடக்கத்திலேயே கெட்டியாக இருந்த ரப்பர் ஐந்தாம் ஆண்டில் எந்த நிலையில் இருக்கும் என்பதை என் நகமே எனக்குச் சொல்லிவிட்டது. ஆகவே மைலேஜ் டயர் தருவதாகச் சொல்லும் கடைசி 25,000 கிலோமீட்டரை இங்கே நிம்மதியாக ஓட்டித் தீர்க்க முடியாது. ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், அந்தத் தூரத்துக்காக ஈரப் பிடிப்பை விட்டுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பழைய டயரோடு புதிய டயரை ஒப்பிட்டால் எந்தப் புதிய டயரும் ஜெயிக்கத்தானே செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நல்வாய்ப்பாக, எங்கள் அடுக்குமாடியிலேயே இருக்கும் நண்பர் ஒருவர், அதே ஆல்டிஸ் காருக்கு அதே மாதத்தில் புதிய மைலேஜ் டயர்களைப் போட்டார். முதல் ஆண்டில் இருவரும் காரை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தபோது, எது எவருடைய கார் என்று மழையில் பிரித்தறிய முடியவில்லை. இரண்டாம் ஆண்டின் முடிவில் நிலைமை மாறிவிட்டது. மண்டாய் சாலையில் தூறல் விழுந்து சற்று நேரமே ஆன நிலையில், ஒரே வேகத்தில் வந்து பிரேக்கை அழுத்தும்போது அவர் காரில் ஏபிஎஸ் சீக்கிரமே துடிக்கிறது, என் காரில் துடிப்பதில்லை. இத்தனைக்கும் அவர் டயரில் 6 மில்லிமீட்டர் ஆழம், என்னுடையதில் 4 மட்டுமே. "அண்ணே, எனக்குத்தான் இன்னும் புங்கா நிறைய இருக்கு, அப்புறம் ஏன் இப்படி?" என்று அவர் கேட்டார். டயர் வரிக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் அந்தச் சொல்லுக்குப் பூ என்று பொருள். பூ நிறைய இருந்தும் ரப்பர் இறுகியிருந்தால், மெல்லிய ஈரத்தில் அது சாலையைக் கவ்விப் பிடிக்காது. இரண்டே கார்களை வைத்துச் சொல்வது இது. இரண்டு டயர்களும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் சாலையில் தண்ணீர் தேங்கி நின்றால் கணக்கு வேறு. அங்கே தண்ணீரை வெளியே தள்ளுவது பள்ளத்தின் ஆழம்தான். ஆழம் குறைந்து வேகம் கூடினால் எந்த மென்மையான ரப்பரும் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிடும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும் பள்ளி விடுமுறைக்குப் பினாங்குக்கும் மலேசிய நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மென்மையான டயர் சீக்கிரம் தேய்வதால், அதை வாங்குகிறவர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடும் மனத்தோடு வாங்க வேண்டும். 1.6 வரை இழுக்க நினைப்பவருக்கு இந்த டயர் பொருந்தாது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் பின் சக்கரங்களை மாற்றிப் போடுவதும், மாதம் ஒருமுறை காற்றழுத்தம் பார்ப்பதும் இதில் தவிர்க்க முடியாதவை.

செலவைப் பார்ப்போம். மைலேஜ் டயர் ஒன்று 135 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நான்கும் 540; நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 135 வெள்ளி. மென்மையான டயர் ஒன்று 175 வெள்ளி, நான்கும் 700. மூன்று ஆண்டு வரும் என்று வைத்தால் ஆண்டுக்கு 233 வெள்ளி. வித்தியாசம் மாதத்துக்கு எட்டு வெள்ளி சொச்சம். மைலேஜ் டயரைச் சட்டம் அனுமதிக்கும் கடைசி மில்லிமீட்டர் வரை, அதாவது ஐந்தரை ஆண்டு ஓட்டினாலும் வித்தியாசம் மாதம் 11 வெள்ளி சொச்சம்தான். வீட்டமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கூரையுள்ள நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 வெள்ளி கட்டுகிறோம். காரைத் தேவையான நேரத்தில் நிறுத்துவதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதை நான் செலவாகவே நினைக்கவில்லை. காரை வைத்திருக்க அரசு தரும் உரிமைச் சான்றிதழ் முடிய இரண்டு, மூன்று ஆண்டுகளே உள்ள காருக்கு இந்த யோசனையே தேவையில்லை. காரை ஒப்படைக்கும்போது டயரில் மிச்சமிருக்கும் மில்லிமீட்டருக்கு எவரும் தள்ளுபடி தரப்போவதில்லை.

தனியார் வாடகை கார் ஓட்டுபவர்களுக்கு இதே அறிவுரையைச் சொல்லத் தயங்குகிறேன். நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் காரில் ரப்பர் இறுகுவதற்குள் பள்ளம் தேய்ந்துவிடும். அவர்களுக்கு மைலேஜ் டயரே கட்டுப்படியாகலாம். எடை கூடிய மின்சாரக் கார்களை நான் ஓட்டியதில்லை, ஆகவே அவற்றுக்கு என் கிலோமீட்டர் கணக்கு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

டொரோண்டோவில் இருக்கும் என் சித்தி மகன், மென்மைதான் முக்கியம் என்றால் குளிர்கால டயரையே போடலாமே என்று கேட்டான். அவனுக்குப் பக்கத்து மாநிலமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஆனால் அந்த ரப்பர் 7 பாகைக்குக் கீழேயும் இறுகாமல் இருக்கச் செய்யப்பட்டது. நம் ஊரின் 32 பாகை வெயிலில் அது அளவுக்கு மீறி இளகி, பிரேக் பிடிக்கும்போது தொய்ந்து, மிக வேகமாகத் தேய்ந்துவிடும். இங்கே அதற்கு வேலையில்லை.

கடையில் பக்கச் சுவரின் எழுத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். என் இரண்டு டயர்களிலும் ஈரப் பிடிப்புக்கான அமெரிக்கத் தரக்குறி "ஏ" என்றே இருந்தது. அது புதிய டயரில், சக்கரத்தைப் பூட்டி இழுத்துச் செய்யும் சோதனை. பயன்பட்டது அதற்குப் பக்கத்தில் இருந்த தேய்மான எண்தான்: கெட்டி டயரில் 500, மென்மையானதில் 320. அந்த எண்ணை நிறுவனங்களே நிர்ணயிப்பதால் துல்லியம் எதிர்பார்க்க முடியாது, ஆனாலும் டயர் எந்த வகை என்பது அதில் தெரிந்துவிடும். ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயரானால் மழை மேகம் வரைந்த கட்டத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். பிறகு, பணம் கொடுப்பதற்கு முன், நான்கு டயர்களின் தேதி இலக்கத்தையும் நீங்களே குனிந்து படியுங்கள். கடைசியாக வாங்கியபோது எனக்கு எடுத்து வைத்த நான்கில் ஒன்று மற்ற மூன்றைவிட 14 மாதம் மூத்தது. சொன்னதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.