டெய்ராவில் 180 திர்ஹம் கொடுத்து நான் வாங்கிய வினை

துபாய், ஷார்ஜா பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஊருக்கு வீடியோ கால் போட வழி தேடிக்கொண்டிருந்தால், கடையில் விபிஎன் ஆப் வாங்கி நான் ஏமாந்த இந்தக் கதையைக் கட்டாயம் படியுங்கள்.

இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். வாட்ஸ்அப்பில் செய்தி போகும், போட்டோ போகும், வாய்ஸ் நோட்டும் போகும். கால் போட்டால் மட்டும் 'கனெக்டிங்' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். இணையம் வழியாகப் பேச அனுமதி வாங்கிய ஆப்களுக்கு மட்டும்தான் இந்த நாட்டில் வழி. 2018 பிறந்தபோது ஸ்கைப்பும் போயிற்று.

நான் ஏசி மெக்கானிக். வேலை முடிந்து கேம்ப்புக்கு வந்து குளித்துச் சாப்பிட இரவு 9 ஆகிவிடும். ஊரில் அப்போது 10.30. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தூங்குவதற்குள் முகத்தைப் பார்க்க வேண்டும். அனுமதி உள்ள ஆப் ஒன்றில்தான் பேசிக்கொண்டிருந்தேன். பாதி நேரம் படம் அப்படியே நின்றுவிடும். அந்த எரிச்சலில்தான் இந்தப் புத்தி கெட்ட வேலையைச் செய்தேன்.

துபாயில் டெய்ரா பகுதியில் ஒரு மொபைல் கடை. பெயர் வேண்டாம். உள்ளே ஓர் ஓரத்தில் சின்ன கவுண்டர் போட்டு ஒரு பையன் டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். என் பேச்சைக் கேட்டதுமே, "அண்ணே, நமக்கும் ராமநாதபுரம் பக்கம்தான்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். விபிஎன் ஆப், அதாவது தடையைச் சுற்றிக்கொண்டு வேறு சர்வர் வழியாக இணையத்துக்குப் போகும் ஆப், ஒரு வருஷத்துக்கு 180 திர்ஹம். "பிளே ஸ்டோரில் கிடைக்காது அண்ணே, இது ஸ்பெஷல்" என்று வாட்ஸ்அப்பிலேயே ஒரு ஃபைலை அனுப்பினான். போனை வாங்கி செட்டிங்ஸில் எதையெதையோ 'அலோ' செய்து கொடுத்தான். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி, திரையைப் படித்து நமக்குப் பதில் பட்டனை அழுத்தும் ஆக்ஸஸிபிலிட்டி அனுமதி எல்லாம் அதில் அடக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. கால் போட மட்டும் ஒரு ஆப் என்றால் அதற்கு என் எஸ்எம்எஸ் எதற்கு? அன்றைக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

19 நாள் அருமையாக ஓடியது. மகளுக்கு முன்பல் விழுந்த இடத்தைக்கூடத் தெளிவாகப் பார்த்தேன். அப்புறம் போன் சும்மா வைத்திருந்தாலும் சூடாக ஆரம்பித்தது. டேட்டா மாத நடுவிலேயே தீர்ந்தது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் வங்கிக் கணக்கிலிருந்து இரண்டு தடவையாக 2,300 திர்ஹம் போயிருக்கிறது. ஓடிபி எல்லாம் என் போனுக்கே வந்து, நான் பார்க்காமலேயே அழிந்திருக்கிறது. வாட்ஸ்அப்பும் என் கையை விட்டுப் போயிருந்தது. "அவசரம், பணம் அனுப்பு" என்று என் பெயரில் செய்தி போக, மச்சான் ஊரிலிருந்து 8,000 ரூபாய் போட்டுவிட்டார்.

இதைவிடக் கேவலம், நான் மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சைபர் குற்றச் சட்டத்தில், ஐபி முகவரியை (இணையத்தில் நம் இணைப்பைக் காட்டும் எண், விபிஎன் மறைப்பது அதைத்தான்) மறைத்துக் குற்றம் செய்தால் சிறை, அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. என் சம்பளம் 1,600. குறைந்தபட்ச அபராதத்தையே கட்ட 26 வருஷம் சாப்பிடாமல் உழைக்க வேண்டும். கம்பெனிகள் தங்கள் வேலைக்கு விபிஎன் வைத்திருப்பது தப்பில்லை. தடுத்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் கால் மாதிரி ஒன்றை அதன் வழியாகப் பேசினால் என்ன ஆகும் என்று கேட்டால் கேம்ப்பில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? விற்கிறவனுக்கு அது நன்றாகத் தெரியும். நாம் புகார் கொடுக்க மாட்டோம் என்பதை நம்பித்தான் அவன் கடையே விரித்திருக்கிறான்.

நான்காம் நாள் வங்கிக்குப் போன் செய்தேன். "வெளியிலிருந்து ஏதாவது ஆப் போட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். ஆமாம் என்றேன். கார்டை முடக்கினார்கள். பணம் திரும்பவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஏதாவது மிஞ்சியிருக்குமோ என்னவோ.

ரூமில் கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி ஒருவன் இருக்கிறான். விபிஎன் என்றால் நம் போனிலிருந்து போவது வருவது எல்லாம் முன்பின் தெரியாத ஒருவனுடைய சர்வர் வழியாகப் போகிறது, அவ்வளவுதான் என்றான். 2016இல் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் ஆண்ட்ராய்டுக்கான 283 விபிஎன் ஆப்களைச் சோதித்தார்களாம். 38 சதவீதத்தில் தீங்கான நிரல் இருப்பதற்கான அடையாளம், 18 சதவீதம் எதையும் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பவே இல்லை. அவையெல்லாம் பிளே ஸ்டோரிலேயே இருந்தவை. கவுண்டரில் வாங்கியதைப் பற்றிச் சொல்லவா வேண்டும்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் அந்தப் போனில் வைஃபை, டேட்டா இரண்டையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள். பாஸ்வேர்டுகளையும் வேறு போனிலிருந்தே மாற்றுங்கள். ஆப்பை நீக்கினால் மட்டும் போதாது, போனில் இருப்பதையெல்லாம் அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பைத் திரும்ப வாங்கியதும் அதில் டூ ஸ்டெப் பின் என்ற கூடுதல் ரகசிய எண்ணைப் போடுங்கள். முக்கியமாக ஊரில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். நான் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டதில்தான் மச்சான் பணம் போனது.

பையனின் நம்பர் இப்போது வேலை செய்யவில்லை. "அவன் கவுண்டரை வாடகைக்கு எடுத்தவன், எனக்குத் தெரியாது" என்கிறார் கடைக்காரர். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனேன். அதே கவுண்டரில் வேறொரு பையன் நின்றான். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "அண்ணே, காலிங் ஆப் வேணுமா? ஒரு வருஷம் கேரண்டி" என்றான்.