இரைப்பையைக் குறைத்துக்கொண்டு இரண்டரை ஆண்டுகள்: ஒரு பயனாளியின் மதிப்பீடு

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நான், நாற்பத்தோராவது வயதில், கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்லீவ் எனப்படும் இரைப்பைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். மருத்துவமனையில் சேர்ந்த அன்று என் எடை 118 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். இரண்டரை ஆண்டுகள் கழிந்த இன்று எடை 79 கிலோ. விளம்பரப் பலகைக்கு இந்த இரண்டு எண்கள் போதும். ஆனால் நான்கரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொகையைச் செலவழித்து, வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்கவும் சம்மதித்து வாங்குகிற ஒரு சேவையை அந்த எண்களை மட்டும் வைத்து எடைபோட முடியாது. மருத்துவமனையின் பெயரை நான் எழுதவில்லை. என் புகார்களில் பெரும்பாலானவற்றை, வேறு இடங்களில் செய்துகொண்டவர்களும் அப்படியே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு முப்பத்து மூன்று வயதில் சர்க்கரை நோய் வந்தது. நாற்பது வயதில் நாளுக்கு இரண்டு வகை மாத்திரைகளும் இரவில் இருபத்திரண்டு யூனிட் இன்சுலினும் போட்டுக்கொண்ட பிறகும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.1ல் நின்றது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் என் கணவர் இரவில் இரண்டு மூன்று முறை என்னைத் தட்டி எழுப்புவார். அதன் பலனாக, மறுநாள் பிற்பகலில் வவுச்சர் கட்டின் மீதே தலை சாய்ந்துவிடும். நகரப் பேருந்தின் முதல் படியில் கால் வைப்பதற்கு முன் கம்பியைப் பிடிக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது பழக்கமாகியிருந்தது. எடையைக் குறைக்க முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காலை நடை, டப்பாவில் விற்கும் சத்துமாவு, மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ உணவுமுறை என எல்லாம் செய்தேன். பேலியோவில் ஏழு மாதத்தில் 14 கிலோ குறைந்தது. அடுத்த ஓராண்டில் 17 கிலோ ஏறியது. உணவைக் கட்டுப்படுத்தி எடை குறைந்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, உடல் எரிக்கும் ஆற்றலோ குறைகிறது என்று பின்னர் அறுவை மருத்துவர் விளக்கினார். வரவைக் குறைத்தால் உடல் செலவையும் குறைத்துக்கொள்கிறது என்று என் தொழிலின் மொழியில் நான் அதைப் புரிந்துகொண்டேன். எட்டு ஆண்டுகளாக என்னை நானே திட்டிக்கொண்டிருந்ததற்கு அந்த ஒரு விளக்கம் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த மருத்துவர் முதல் சந்திப்பில் நாற்பது நிமிடம் பேசினார் என்பதை முதலில் பதிவு செய்ய வேண்டும். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தை ஏறத்தாழ முக்கால் பங்குக்கும் மேலாக வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சியதை ஒரு வாழைப்பழ அளவுக்குக் குழாய்போல விட்டுவிடுகிறார்கள் என்றும், பசி ஹார்மோனான கிரெலின் மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுவதால்தான் தொடக்கத்தில் பசியே தோன்றுவதில்லை என்றும், வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்றும் தாளில் படம் வரைந்து காட்டினார். பைபாஸ் முறையையும் எடுத்துச் சொன்னார். அதில் சிறுகுடலையும் மாற்றி இணைப்பதால் சர்க்கரைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் அது கூடுதல் நன்மை தரலாம். ஆனால் சத்துக் குறைபாடு வரும் வாய்ப்பும் கூடுதல். தையல் கோட்டில் கசிவு, இரத்தக்கசிவு, காலில் இரத்தம் உறைதல் ஆகிய ஆபத்துகளை அவர் மறைக்கவில்லை. 2024ல் சென்னைப் புறநகரில் ஓர் இளைஞர் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சையின்போது இறந்த செய்தியைப் படித்த எவருக்கும் அந்தப் பட்டியல் வெறும் பட்டியலாகத் தெரியாது. தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, இரவில் மயக்கவியல் மருத்துவர் இருப்பாரா என்று நானே கேட்டேன். கேட்டதற்கு அவர் முகம் சுளிக்கவில்லை.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் வெளியிட்ட வரைமுறையின்படி, உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் பி.எம்.ஐ. குறைந்தது 40 இருந்தாலோ, அல்லது குறைந்தது 35 இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்ற நோய்கள் இருந்தாலோ, வேறு வழிகளில் எடை குறையவில்லை என்ற நிலையில், மருத்துவர் பரிந்துரைக்கும் இந்தச் சிகிச்சையைக் காப்பீட்டில் கோரலாம். என் பி.எம்.ஐ. 47. இருந்தும், முன்பு முயன்றதற்குச் சான்று கேட்டார்கள். நான் எந்தச் சீட்டையும் தூக்கிப் போடாதவள் என்பதால், பழைய உணவு ஆலோசனைக் கட்டண ரசீதுகள்கூடக் கோப்பில் இருந்தன. இதற்கான காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி மாறும் என்பதால், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் பாலிசியைப் படித்துவிடுவது நல்லது.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் கல்லீரலைச் சுருக்குவதற்கான திரவ உணவு. கொழுப்புப் படிந்து பெருத்த கல்லீரல் இரைப்பையை மறைத்துக்கொள்வதால், அதைச் சுருக்கினால்தான் சிறு துளை வழியே செலுத்தும் லேப்ராஸ்கோபிக் கருவிக்கு வழி கிடைக்கும். அறுவை முடிந்த அன்று மாலையே செவிலியர் இருவர் என்னை எழுப்பி வராந்தாவில் நடக்க வைத்தார்கள். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியை மணிக்கொரு முறை உறிஞ்ச வைத்தார்கள். மறுநாள், இருமல் மருந்துப் புட்டியோடு வரும் சிறிய அளவு மூடி ஒன்றைக் கையில் கொடுத்து, அதில் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரத்துக்கு இரண்டு மூடி என்ற கணக்கில் பருகச் சொன்னார்கள். சொம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துப் பழகியவளுக்கு, அந்த முதல் மூடித் தண்ணீர் தொண்டையிலிருந்து இறங்கி மார்புக்குக் கீழே ஓர் இடத்தில் நின்று, பிறகு மெதுவாக நகர்ந்துபோனதை உணர முடிந்தது. வயிறு இப்போது எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. செவிலியர் சேவைக்கு எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

குறை பில்லில் தொடங்குகிறது. எனக்குச் சொல்லப்பட்ட பேக்கேஜ் 3,60,000 ரூபாய். கட்டியது 4,38,000 ரூபாய். வாந்தி நிற்காததால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கியது நியாயமான செலவு. தூக்கப் பரிசோதனையும் இதய மருத்துவர் கருத்தும் பேக்கேஜில் சேராது என்பதை முன்பே சொல்லியிருக்கலாம். இரைப்பையை வெட்டித் தைக்கும் கருவியில் போடும் ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ் ஐந்து வரைதான் பேக்கேஜ், எனக்கு ஆறு தேவைப்பட்டது என்று ஆறாவதைத் தனியாகப் போட்டிருந்தார்கள்; வயிற்றின் நீளத்தைப் பொறுத்த இந்த எண்ணிக்கையை நோயாளி எப்படி முன்கூட்டி அறிவது? கையுறை முதலிய சில்லறைப் பொருள்களைக் காப்பீட்டு நிறுவனம் வழக்கம்போல ஏற்கவில்லை. நாள் முழுதும் பில் பார்க்கிறவளுக்கே அந்த ஒன்பது பக்கத்தைச் சரிபார்க்க ஒரு பிற்பகல் ஆயிற்று.

பேக்கேஜில் ஓராண்டு உணவு ஆலோசனையும் அடக்கம். இந்தச் சேவையின் உயிர்நாடி அதுதான் என்றும், மருத்துவமனை மிக அலட்சியமாக நடத்துவதும் அதைத்தான் என்றும் அனுபவத்தில் கண்டேன். முதலில் கொடுத்த அச்சிட்ட அட்டவணையில் பிராக்கோலி சூப், கிரேக்கத் தயிர், பாதாம் பால் என்று இருந்தது. எங்கள் வீட்டில் என் அம்மா அந்தத் தாளை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, “இதுல ஒண்ணாச்சும் நம்மூர்ல சாப்பிடறதா கண்ணு?” என்று கேட்டார். ஆலோசகர் ஆறு மாதத்தில் இரண்டு முறை மாறினார். மூன்றாவதாக வந்த இளம்பெண் மட்டும் எங்கள் சமையலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அட்டவணையைத் தமிழில், கரண்டிக் கணக்கில், தன் கையால் எழுதிக் கொடுத்தார்: இத்தனை மாதம் ஆனபின் மசித்த பாசிப்பருப்பு, கொள்ளுப் பருப்புக் கடைசல், முட்டை, பனீர், தோல் நீக்கிய நாட்டுக்கோழி, நாளுக்கு 60 கிராம் புரதம் முடிந்த பிறகே சோறு. சோறும் தோசையும் உள்ளே போய் உப்பி அடைத்துக்கொள்ளும், முதல் கவளம் எப்போதும் பருப்பாக இருக்கட்டும் என்று அவர் சொன்ன ஒரு வரி, அச்சிட்ட பன்னிரண்டு பக்கங்களைவிட எனக்கு உதவியது. உண்ணும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேர இடைவெளி வேண்டும் என்ற விதிக்குப் பழக ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. ரசம் இல்லாமல் உணவை முடிப்பது எங்கள் வீட்டில் எழுந்து ஓடுவதற்குச் சமம்.

ஆறு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து அழைப்பு நின்றுபோனது. குறுஞ்செய்தி மட்டும் வந்தது, அதுவும் தெரிந்தவரைப் பரிந்துரைத்தால் பரிசோதனையில் தள்ளுபடி என்று. இந்தக் காலத்தில்தான் நான் தவறு செய்தேன். உடல் நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் சத்து மாத்திரைகளை நிறுத்தினேன். ஒன்பதாம் மாதம் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல மரமரப்பு வந்தது. பி12 மிகவும் குறைந்திருந்தது. உணவிலுள்ள பி12ஐப் பிரித்தெடுக்கத் தேவையான அமிலமும், அதைக் குடல் உறிஞ்சத் துணைசெய்யும் பொருளும் இரைப்பையில்தான் சுரக்கின்றன. இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டவருக்கு மாத்திரை தற்காலிகமல்ல என்பதை, எடுத்தவர்கள் நினைவூட்டியிருக்க வேண்டும். தவறு என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் தள்ளுபடிச் செய்தி அனுப்ப என் எண் அவர்களிடம் இருந்தது. ஊசி போட்டு இரண்டு மாதத்தில் மரமரப்பு நீங்கியது.

நான்காம் மாதம் தலைமுடி சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. உடல் திடீரென்று இளைக்கும்போது இப்படி ஆவதுண்டு என்று முன்பே சொல்லியிருந்ததால் அழவில்லை, பத்தாம் மாதம் திரும்ப முளைத்தது. பித்தப்பையில் கல் சேராமலிருக்க ஆறு மாதம் தனி மாத்திரை. நெஞ்செரிச்சல், முன்பு இல்லாதது, இப்போது வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் வருகிறது. ஸ்லீவ் முறையின் தெரிந்த குறை இது. மேற்கையிலும் அடிவயிற்றிலும் தொங்கும் தோலைப் பற்றி முதல் சந்திப்பில் ஒரு வாக்கியம் சொன்னார்கள். ஒரு பத்தி சொல்லியிருக்கலாம். வெயில் காலத்தில் அடிவயிற்று மடிப்பில் புண் வருகிறது. தொங்கும் தோலை அகற்றும் அறுவைக்கான செலவை அழகுச் சிகிச்சை என்று கூறிக் காப்பீட்டார் மறுத்துவிட்டார்கள்.

கிடைத்ததையும் அதே கணக்கோடு சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போதே இன்சுலின் நிறுத்தப்பட்டது. இன்று ஒரே ஒரு மாத்திரையில் ஹெச்பிஏ1சி 6.0ல் இருக்கிறது. குறட்டை போய்விட்டது, கணவர் நிம்மதியாகத் தூங்குகிறார். மார்கழியில் வாசலில் குந்தி உட்கார்ந்து, பதினைந்து புள்ளிக் கோலத்தை நடுவில் எழுந்திருக்காமல் போட்டு முடித்தேன். பதினாறாம் மாதம் 76 கிலோவைத் தொட்ட எடை இப்போது மூன்று கிலோ ஏறியிருப்பதை நண்பர்கள் தோல்வியாகப் பார்க்கிறார்கள். சுவீடனில் 1987ல் தொடங்கி, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்விலும், முதல் ஓரிரு ஆண்டுகளில் அடிமட்டத்துக்குப் போன எடை பிறகு ஓரளவு ஏறித்தான் நிலைகொண்டது. ஆகவே நான் அதிகம் கலங்கவில்லை, ஆனால் ஞாயிறுதோறும் எடை பார்க்கிறேன்.

பந்தி மட்டும் இன்னும் சங்கடம்தான். முன்பு நான் இரண்டாம் முறை சோறு வாங்குகிறேனா என்று எதிர்வரிசை பார்க்கும்; இப்போது இலையில் மீந்திருப்பதைப் பார்க்கிறது. சென்ற தை மாதம் ஈரோட்டுக் கல்யாணம் ஒன்றில், மூன்று கவளத்தில் நான் கையை எடுத்துவிட்டதைக் கண்ட மாப்பிள்ளையின் பெரியம்மா, “சாப்பாடு புடிக்கலீங்களா?” என்று வாடிய முகத்தோடு கேட்டார். வயிற்றில் இடமில்லை என்பதை விளக்க அது இடமல்ல. இப்போதெல்லாம் கைப்பையில் ஒரு சிறு டப்பா கொண்டுபோய், இலையில் விழுவதற்கு முன்பே இனிப்பை அதில் வாங்கிக்கொள்கிறேன்.

மதிப்பெண் கேட்டால், அறுவை மருத்துவருக்கும் செவிலியருக்கும் பத்துக்கு ஒன்பது. பில் பிரிவுக்கு நான்கு. பின்தொடர் சேவைக்கு, அந்த மூன்றாவது ஆலோசகரைக் கழித்துவிட்டால், இரண்டு. இதே நிலையில் மீண்டும் இருந்தால் செய்துகொள்வேனா என்று கேட்கிறார்கள். செய்துகொள்வேன், ஆனால் பணம் கட்டுவதற்கு முன், இரண்டாம் ஆண்டில் என்னை யார் அழைப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வேன். முன்–பின் படங்களை விளம்பரத்துக்குத் தர முடியுமா என்று மருத்துவமனையிலிருந்து ஒருமுறை கேட்டார்கள். ஒன்பதாம் மாதம் நான் கால் மரமரப்போடு உட்கார்ந்திருந்த படமும் போடுவீர்களா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அழைக்கவில்லை.

எங்கள் தெருத் தையற்காரர் இந்த இரண்டரை ஆண்டில் என் ரவிக்கைகளை ஐந்து முறை பிடித்துக் கொடுத்திருக்கிறார். சென்ற மாதம், இனி அளவு மாறாது என்று சொல்லிப் புதிதாக நான்கு தைக்கக் கொடுத்தேன். வாங்கிவந்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தபோது, இரு ஓரத்திலும் தாராளமாக இரண்டு அங்குலம் துணி விட்டுத் தைத்திருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, “இருக்கட்டுங்க்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்து வைத்துக்கொண்டார்.