ஐந்தாம் அட்டவணையா, ஆறாம் அட்டவணையா?

லடாக் 2019-இல் யூனியன் பிரதேசமானது முதல், ஆறாம் அட்டவணை கேட்டுப் போராடிவருகிறது. ஐந்தாவது ஏன் போதாது? இரண்டுமே பழங்குடிப் பகுதிகளுக்காக இந்திய அரசியலமைப்பில் எழுதப்பட்டவைதானே?

முடிவெடுப்பது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜார்க்கண்ட், ஒடிசா உட்பட பத்து மாநிலங்களில் உள்ள ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் ஆளுநரே எல்லாம். ஒரு சட்டம் அங்கே செல்லாது என்று அவர் அறிவிக்கலாம், அறிவிக்காமலும் இருக்கலாம். பழங்குடியினர் ஆலோசனைக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லும். பஞ்சாயத்து முறையை இந்தப் பகுதிகளுக்கும் விரிவாக்கிய, 1996-இல் வந்த பெசா (PESA) சட்டம் கிராம சபைக்குக் கொஞ்சம் பல் கொடுத்தது. 2013-இல் ஒடிசாவின் நியமகிரி மலையில் 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. பெரிய வெற்றிதான். ஆனால் அவர்களிடம் கருத்துக் கேளுங்கள் என்று அரசுக்குச் சொல்லவே உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது!

ஆறாவது அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் ஆகிய நான்கு மாநிலங்களுக்கு மட்டும். பெரும்பாலும் தேர்தலில் வென்றவர்களைக் கொண்ட தன்னாட்சி மாவட்டக் குழு நிலம், காப்புக்காடு அல்லாத காடுகள், வாரிசுரிமை, திருமணம் பற்றிச் சட்டம் இயற்றலாம், வரி வசூலிக்கலாம், கிராம நீதிமன்றம் அமைக்கலாம். அந்தச் சட்டங்களுக்கும் ஆளுநர் ஒப்புதல் வேண்டும், நிதிக்கு மாநில அரசிடம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் உண்மை. இருந்தாலும் என் ஓட்டு இதற்கே: தவறு செய்தால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். ஆளுநரை யார் மாற்றுவது?

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. நீலகிரியோ கல்வராயன் மலையோ, இரண்டு அட்டவணையிலும் இல்லை.