சீனியர் இன்ஜினியர் இன்டர்வியூ: வீட்டுக்குக் கொடுக்கும் அசைன்மென்டா, நேரில் கோட் ரிவ்யூவா?

அசைன்மென்டில் பதற்றம் இல்லை, பழகிய எடிட்டரிலேயே எழுதலாம். ஆனால் "நாலு மணி நேர வேலை" என்று கொடுப்பது சனி, ஞாயிறு இரண்டையும் தின்றுவிடும். கைக்குழந்தை வைத்திருப்பவரும், ஏற்கெனவே நல்ல வேலையில் இருப்பவரும் பாதியிலேயே விலகிவிடுவார்கள். நாம் தேடுவதே அவர்களைத்தான். ஏஐ எழுதித் தந்ததா என்பதும் தெரியாது.

கோட் ரிவ்யூவுக்கு, அதாவது இன்னொருவர் எழுதிய கோடைப் படித்துக் குறை நிறை சொல்வதற்கு, ஒரு மணி நேரம் போதும். 200 வரி புல் ரிக்வெஸ்ட் (கோடில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் மாற்றம்) ஒன்றைக் கொடுத்து, 15 நிமிடம் படிக்க விடுங்கள். மீதி நேரம் பேச்சு. உள்ளே மூன்று பிழைகளை வையுங்கள். அதில் ஒன்று இப்படி இருக்கட்டும்: பேமென்ட் அழைப்பு நேரத்துக்குள் பதில் வராமல் டைம்அவுட் ஆனால் மறுபடி முயலும் லூப் இருக்கிறது, ஐடெம்பொட்டன்சி கீ (ஒரே கோரிக்கை மறுபடி வந்தாலும் ஒருமுறை மட்டுமே நடக்க வைக்கும் அடையாளம்) இல்லை. முதல் அழைப்பிலேயே பணம் போயிருந்தால், வாடிக்கையாளரிடம் இருமுறை பிடித்துவிடும். அனுபவம் குறைந்தவர் வேரியபிள் பெயரைத் திருத்திக்கொண்டிருப்பார். அனுபவசாலி நேரே இங்கே வந்து நிற்பார். எழுதியவரைக் குத்தாமல் காரணத்தை விளக்குகிறாரா என்பதையும் கவனியுங்கள்.

இதிலும் ஓட்டை உண்டு. வந்தவருக்குப் பழக்கமில்லாத மொழியில் கொடுத்தால் சின்டாக்ஸிலேயே, அதாவது எழுதும் விதிகளிலேயே, சிக்கிக்கொள்வார். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்பே எழுதி வைக்காவிட்டால், சரளமாகப் பேசுபவரே ஜெயிப்பார்.

அசைன்மென்ட்தான் வேண்டுமென்றால் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். பிறகு 45 நிமிடம் உட்காரவைத்து, அவர் எழுதியதிலேயே ஒரு மாற்றம் செய்யச் சொல்லுங்கள்.